மரத்துப்போகாத உடல்

தனிமனித யுகத்தில் கிறிஸ்தவச் சீடத்துவம் என்ற பொருளில் பேச என்னைப் பணித்தார்கள். இந்தப் பொருளை எந்த ஊரிலும் பேசலாம். செங்கல்பட்டில் பேசினால் இந்த மண்ணையே சாட்சிக்கு அழைக்க முடியும். அதற்காகவே ஒப்புக்கொண்டேன்.

இந்த மாவட்டத்தின் எட்டு ஊராட்சி ஒன்றியங்களில் ஒன்றின் பெயர் புனித தோமையார்மலை. இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவருடைய பெயர் நம் அரசுப் பதிவேடுகளில் அன்றாடம் புழங்குகிறது. தோமா இந்தக் கரைக்கு வந்தார், மலையில் இரத்தசாட்சியாய் மரித்தார் என்பது நெடுங்கால மரபு. அதைப் பற்றி வரலாற்றறிஞர்கள் வாதாடட்டும். யோவான் நற்செய்தியில் வரும் தோமாவைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டியது இருக்கிறது.

நாம் அவரைச் சந்தேகப்பட்டவர் என்றே நினைவில் வைத்திருக்கிறோம். யோவான் அதற்கு முன்பே ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறார்: உயிர்த்தெழுந்த நாளின் மாலையில் சீடர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு கூடியிருந்தபோது தோமா அவர்களோடு இல்லை. சந்தேகம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அடுத்து நடந்தது எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று அடித்துச் சொன்ன மனிதரை மற்றப் பத்துப் பேரும் விலக்கிவைக்கவில்லை. எட்டு நாள் கழித்து அவர் அதே வீட்டுக்குள், நம்பிக்கை வராமலே, அவர்களோடு உட்கார்ந்திருக்கிறார். ஆண்டவரும் அவரைத் தனியே ஓர் ஓரத்துக்கு அழைத்துப் போகவில்லை. எல்லாருக்கும் நடுவே நின்று காயத்தைக் காட்டினார். விசுவாசம் இல்லாத நாட்களில் ஒருவரைத் தாங்கியது அவருடைய விசுவாசம் அல்ல, மற்றவர்களுடையது. நான் இன்று சொல்ல வந்தது இதுதான்: நாம் ஒவ்வொருவரும் பெயர் சொல்லி அழைக்கப்படுகிறோம், ஆனால் தனியாக அழைக்கப்படவில்லை. இன்னொருவருடைய காயம் என்னை எட்டுகிற அளவுக்குத்தான் நான் சீடன்.

தனிமனித யுகம் என்றவுடன் மேல்நாட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் வரை ராஜீவ் காந்தி சாலையில் போய்வந்தால் போதும். நாகர்கோவிலிலும் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் சபையின் மடியில் வளர்ந்த பிள்ளைகள் வேலைக்காக இங்கே வந்து, பதினான்காவது மாடியில் குடியிருக்கிறார்கள். வாரம் முழுக்க உழைத்த அசதி. ஞாயிறு காலையில் கைபேசியில் ஒரு சபையின் பாடலைக் கேட்கிறார்கள், இன்னொரு ஊழியக்காரரின் செய்தியைப் பார்க்கிறார்கள், மூன்றாவதொரு இடத்துக்குக் காணிக்கையை அனுப்புகிறார்கள். அவர்களை நான் குறைசொல்லவில்லை. அந்தச் செய்தியால் தற்கொலை எண்ணத்திலிருந்து மீண்டவர்களும் உண்டு. ஆனால் அந்த மூன்று இடத்திலும் அவர்கள் மூன்று வாரம் வராமல் போனால் ஏன் வரவில்லை என்று கேட்க ஒருவரும் இல்லை. பக்கத்துப் பெஞ்சில் இருமுகிற பாட்டி இல்லை. பிடிக்காத மனிதரோடு ஒரே பாத்திரத்திலிருந்து திருவிருந்து எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்கிற பக்தியில் நம்மைத் திருத்துவதற்கு யாருக்கும் இடமில்லாமல் போய்விடுகிறது.

புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். எரேமியா இருபத்தொன்பதாம் அதிகாரத்து வசனம், நல்ல எதிர்காலத்தைப் பற்றியது, வந்தால் முகம் மலர்கிறது. அந்த வருடத்துப் பதவி உயர்வுக்கும் விசாவுக்கும் அதை ஆதாரமாகப் பிடித்துக்கொள்கிறோம். அந்த அதிகாரம் பாபிலோனில் சிறைப்பட்டுக் கிடந்த ஒரு முழு ஜனத்துக்கு எழுதப்பட்ட கடிதம். எழுபது ஆண்டு அங்கேயே இருக்க வேண்டும், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்தின் நலனுக்காகவே மன்றாடுங்கள் என்று அதே கடிதம் சொல்கிறது. வாசித்தவர்களில் பெரும்பாலோர் விடுதலையைக் கண்ணால் கண்டிருக்க முடியாது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கான வாக்குறுதி அது. எழுபது ஆண்டையும் பட்டணத்தையும் பேரப்பிள்ளைகளையும் வெட்டி எறிந்துவிட்டு ஒரு வரியை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு எப்போது வந்தது? அமெரிக்கச் சமூகவியலாளர் இராபர்ட் பெல்லாவும் அவருடைய சகாக்களும் 1985இல் வெளியிட்ட நூலில், தன்னுடைய நம்பிக்கைக்குத் தன் பெயரையே சூட்டிக்கொண்ட ஷீலா என்ற பெண்ணைக் காட்டினார்கள். அன்று அது அந்த நாட்டின் விநோதமாகத் தெரிந்தது. இன்று நம் ஜெப அறைகளிலும் ஷீலா உட்கார்ந்திருக்கிறாள்.

இந்த மண்ணைச் சாட்சிக்கு அழைப்பதாகச் சொன்னேன்; இனி இந்த மாவட்டத்துத் திருமணிக்கு வருகிறேன். இந்த அரங்கில் பலருக்கு அது பேருந்து நிறுத்தத்தின் பெயர். 1924இல் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பணியில் அங்கே தொழுநோயாளருக்கான லேடி வில்லிங்டன் இல்லம் உருவானது. 1955இல் மத்திய அரசு அதை ஏற்று, தொழுநோய்க்கான பயிற்சி ஆராய்ச்சி நிறுவனமாக நடத்தத் தொடங்கியது. 1930களிலும் 40களிலும் அங்கே பணியாற்றியவர் டாக்டர் இராபர்ட் காக்ரன், சரும நோய் வல்லுநர். தொழுநோய்க்கான சல்போன் மருந்துகளை இந்தியாவில் முதலில் பயன்படுத்திப் பார்த்தவர்களில் அவர் ஒருவர். 1947இல் அவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் அறுவை மருத்துவர் ஒருவரைத் திருமணிக்கு அழைத்துவந்து காட்டினார். அவர் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். மிஷனரியாக இருந்த அப்பா ஜெஸ்ஸி அதே மலையில் 1929இல் காய்ச்சலில் இறந்தார். அம்மா எவ்லின் முதுமையிலும் அந்த மலைவாழ் மக்களை விட்டுப் போகவில்லை.

அன்று தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தபோது மடங்கிய விரல்களைப் பார்த்து, இவை ஏன் இப்படி ஆகின்றன என்று பிராண்ட் கேட்டார். நான் தோல் மருத்துவன், எலும்பையும் தசையையும் படித்தவர் நீங்கள், நீங்கள் அல்லவா எனக்குச் சொல்ல வேண்டும் என்றார் காக்ரன். உலகெங்கும் கோடிக்கணக்கில் தொழுநோயாளர் இருந்தும் அவர்களுடைய கைகளைப் பற்றி ஆராய ஓர் எலும்பு மருத்துவர்கூட முன்வரவில்லை என்பதுதான் அவருடைய ஆதங்கம். சற்றுத் தள்ளி ஓர் இளைஞர் செருப்பின் வாரைக் கழற்ற முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். பிராண்ட் அவர் கைக்குள் தன் கையைக் கொடுத்து, பலமாக அழுத்தச் சொன்னார். வலி தாங்காமல் துடித்தது பிராண்ட்தான். செத்துப்போனதாக எல்லாரும் கைவிட்ட கையில் அவ்வளவு வலிமை மிச்சமிருந்தது. அந்த ஒரு பிடி அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது. சில தசைகள்தான் செயலிழந்திருக்கின்றன, முன்கையின் நல்ல தசைநாண்களை இடம் மாற்றிக் கட்டினால் விரல்கள் மறுபடி விரியும் என்று கண்டார். வேலூரில் தொழுநோயாளருக்காக நவஜீவ நிலையம் தொடங்கியதும், பின்னர் கரிகிரித் தொழுநோய் மருத்துவமனையில் நடந்த பெரும்பணியும் அந்தப் பிடியிலிருந்து கிளைத்தவை.

அறுவைக்குப் பிறகும் சிலருடைய விரல்கள் குறைந்துகொண்டே போயின. நோய் தின்கிறது என்றே நூற்றாண்டுகளாக நம்பியிருந்தார்கள். பிராண்டும் அவர் கூட்டத்தாரும் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார்கள். சுடுபாத்திரம், ஆணி, இறுக்கிப் பிடித்த மண்வெட்டி. இரவில் தூங்கும்போது எலி கடித்ததுகூட உண்டு. நோயாளருக்குத் தெரியவில்லை, ஏனென்றால் வலிக்கவில்லை. பிறகு வீடு திரும்புகிறவர்களுக்கு ஆளுக்கொரு பூனையைக் கொடுத்தனுப்பினார்கள். சதை தானாக உதிரவில்லை. உணர்வு போனதால் காக்க முடியாமல் போயிற்று. நோயாளர் சிலர், இந்தக் கை என்னுடையதாகவே எனக்குத் தோன்றவில்லை, ஒட்டிவைத்த கருவிபோல இருக்கிறது என்று சொன்னதையும் பிராண்ட் பதிவுசெய்திருக்கிறார்.

பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபைக்குச் சபையை உடல் என்று எழுதினார்; ஓர் அவயவம் துன்பப்பட்டால் எல்லாம் சேர்ந்து துன்பப்படும் என்றார். நாம் அதை அழகான உவமையாகக் கேட்டுக் கடந்துபோனோம். திருமணியில் பார்த்ததை வைத்துப் பிராண்ட் அதை உடற்கூறாகவே வாசித்தார். வலி என்ற தொடர்பு அறுந்தால் உடல் தன் உறுப்பை அந்நியமாகப் பார்க்கத் தொடங்குகிறது, பிறகு அதை இழக்கவும் செய்கிறது. நம் யுகத்தின் தனிமனிதப் பக்தியை நான் பேராசை என்றோ பெருமை என்றோ அழைக்கமாட்டேன். அது மரத்துப்போதல். மரத்துப்போன கைக்குத் தன் நிலை தெரியாது. அது நிம்மதியாகத்தான் இருக்கும்.

இந்த மாவட்டத்தில் எது மரத்துப்போயிற்று என்று கேட்டால் நிலத்தைத்தான் சொல்வேன். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஒரு நீண்ட குறிப்பு அனுப்பினார். அவர்கள் குடியிருக்கும் மனையும் மிராசுதாருக்கு உரியது. தரிசு நிலம் கேட்டுத் தர்காஸ்து என்னும் மனு போட்டால் மிராசுதாருக்கே முன்னுரிமை. எதிர்த்துக் கேட்டால் குடிசையை இழக்க வேண்டும். வாங்கிய சின்னக் கடனுக்குத் தலைமுறை தலைமுறையாகப் படியாள் என்னும் கொத்தடிமை வேலை. இதை மாற்ற நிலம், குடியிருப்பு உரிமை, பள்ளி மூன்றும் வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். 1892 செப்டம்பர் 30 நாளிட்ட 1010, 1010ஏ வருவாய்த்துறை அரசாணைகள் அதைத் தொடர்ந்து வந்தன. அப்படி ஒதுக்கப்பட்டதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். முதல் பத்து ஆண்டு யாருக்கும் கைமாற்றக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே கொடுக்கலாம் என்பது நிபந்தனை. மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

அந்த ஆணைகளுக்குப் பின்னால் மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்தவர்களில் இருவர் மிஷனரிகள்: செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து சுயாதீனத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரு, திருவள்ளூரில் வெஸ்லியன் சபையின் வில்லியம் கௌடி. ஆண்ட்ரு தர்காஸ்து மனுக்களைச் சுமந்து அலைந்தார், நிலம் பெற்ற மக்களைக் குடியமர்த்தினார். சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அருகே மெல்ரோசாபுரம் அப்படி எழுந்த ஊர்.

அன்றே ஒரு கேள்வி எழுந்தது. மிஷனரிகளே அதைக் கேட்டு வருந்தினார்கள். ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட ஆய்வு நூலில் அதை விரிவாகக் காட்டுகிறார். சேரி முழுவதும் சேர்ந்து வந்து ஞானஸ்நானம் கேட்கிறதே, இது ஆத்துமாவுக்காகவா, நிலத்துக்காகவா? ஒவ்வொருவருடைய உள்நோக்கமும் சுத்தமா? இந்தக் கேள்வியை அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார்கள். ஆனால் கேள்வியே தனிமனித யுகத்தின் குழந்தை. விசுவாசம் என்றால் ஒருவன் தன் உள்ளறையில், பசிக்கும் கடனுக்கும் சாட்டைக்கும் சம்பந்தமில்லாமல் எடுக்கிற முடிவு என்று அது முன்கூட்டியே எண்ணிவிடுகிறது. எகிப்தை விட்டு இஸ்ரவேலர் புறப்பட்டபோது, நீங்கள் கர்த்தருக்காக வருகிறீர்களா, செங்கல் சூளையிலிருந்து தப்புவதற்காக வருகிறீர்களா என்று மோசே ஆளாளுக்கு விசாரிக்கவில்லை. முதலில் கடலைக் கடந்தார்கள், பிறகு சீனாய் மலையில் நியாயப்பிரமாணம் வந்தது. கூட்டமாய் வந்து, வந்தபின் கற்று, கற்றதில் தடுக்கி விழுந்து, மறுபடி எழுந்த அந்தச் சேரிகளை நான் முழுமையான சீடத்துவம் என்றே எண்ணுகிறேன். அவர்களுடைய வீட்டில் உலைக்கு அரிசி போடும் முன் ஒரு கைப்பிடி எடுத்துச் சபைக்கென்று பானையில் சேர்த்தார்கள். படியளக்கும் கூலியில் வாழ்ந்தவர்கள் அதைச் செய்தார்கள்.

இனி வருவது வலிக்கிற பகுதி. அந்த நிலத்தில் பெரும்பகுதி மெல்ல மெல்லப் பிறர் கைக்குப் போயிற்று. 1994 அக்டோபர் 10 அன்று, காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்டுத்தரக் கேட்டுச் செங்கல்பட்டில் திரண்ட மக்கள்மீது காவல்துறை சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் தலித் இயக்கங்கள் அஞ்சலி செலுத்துகின்றன. நம் சபைகளின் ஆண்டு நாட்காட்டியில் அந்தத் தேதியில் என்ன இருக்கிறது? வலுவான வலி உணர்வுள்ள ஓர் உடல் அந்த நாளை மறந்திருக்குமா? இரத்தசாட்சிகளுக்கு விழா எடுக்கிறோம், நல்லது. ஓர் அப்போஸ்தலரின் பெயரைத் தாங்கிய இளைஞரும், திருப்பதிப் பெருமாளின் பெயரைத் தாங்கியவரும் ஒரே கோரிக்கைக்காக ஒரே நாளில் விழுந்ததை நாம் ஜெபத்திலும் சொல்வதில்லை.

இங்கே ஒரு மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். கூட்டம், கூட்டம் என்கிறீர்களே, இந்த நாட்டில் சாதியைவிட இறுக்கமான கூட்டம் உண்டா என்று மாணவர்கள் கேட்பார்கள். சரியான கேள்வி. ஊர் என்ற கூட்டம்தான் சேரியை வெளியே நிறுத்தியது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவிலும் சுவர் எழுப்பியது கிறிஸ்தவர்களின் கூட்டுணர்வுதான். வீட்டார் பார்த்த மாப்பிள்ளையை மறுக்கிற பெண்ணுக்கும், சாதி தாண்டி மணந்த இளைஞனுக்கும் தனிமனித உரிமை என்பது ஆடம்பரம் இல்லை, உயிர். தகப்பனையும் வலையையும் விட்டுவிட்டு வா என்று இயேசு அழைத்தபோது அவரே ஒரு பழைய கூட்டத்தை உடைத்தார். அதை ஒருபோதும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் உடைத்த பிறகு அவர்களை அவர் தனித்தனியே விடவில்லை. வரி வசூலித்த மத்தேயுவையும், ரோமுக்கு எதிராகக் கொதித்தவர் என்று பெயர்பெற்ற சீமோனையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தார். ஒருவரையொருவர் தேர்ந்தெடுக்காதவர்கள் சேர்ந்திருப்பதுதான் சபை. சாதிச் சங்கம் அப்படி இல்லை, ரசனையால் சேர்ந்த கைபேசிக் குழுவும் அப்படி இல்லை. இரண்டுமே நமக்கு ஒத்தவர்களோடு மட்டும் வாழக் கற்றுத்தருகின்றன.

ஒருவரையொருவர் தேர்ந்தெடுக்காதவர்கள் சேர்ந்த ஒரு கூட்டத்தை இந்த மண்ணும் கண்டது. 1938 டிசம்பரில் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் உலக மிஷனரி மாமன்றம் கூடியது. இன்று அந்த இடம் நம் மாவட்டத்தில் இருக்கிறது. ஜப்பானின் கிறிஸ்தவச் சமூகப் பணியாளர் ககாவா வந்தார். தென்னாப்பிரிக்காவின் ஆல்பர்ட் லுதுலி வந்தார். பின்னாளில் 1960ஆம் ஆண்டுக்கான நோபல் அமைதிப் பரிசு பெற்றவர். செஞ்சையா, சக்கரை போன்ற நம் சிந்தனையாளர்கள் மிஷன் அமைப்பையே கேள்வி கேட்டார்கள். ஐரோப்பா போருக்குச் சரிந்துகொண்டிருந்த நேரம். ஜெர்மனியில் இறையியலாளர் போன்ஹோஃபர் அதற்கு முந்திய ஆண்டுதான் சீடத்துவத்தைப் பற்றிய தன் நூலை வெளியிட்டிருந்தார். அது தனியறையில் பிறந்த நூல் இல்லை. ஃபிங்கன்வால்டேயில் மாணவர்களோடு சேர்ந்து ஜெபித்து, சேர்ந்து உண்டு, ஒருவரிடம் ஒருவர் பாவ அறிக்கை செய்து வாழ்ந்த நாட்களின் விளைச்சல். அந்த இறையியல் கூடத்தை 1937இல் நாஜிக் காவல்துறை பூட்டியது. 1945இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். இங்கே 1947 செப்டம்பரில் ஆங்கிலிக்கரும் மெத்தடிஸ்டுகளும் தென்னிந்திய ஐக்கிய சபையாரும் தங்கள் தனித்தனி அடையாளத்தை விட்டுக்கொடுத்துத் தென்னிந்தியத் திருச்சபையாக இணைந்தார்கள். திருமணியில் பிராண்ட் அந்தக் கையைப் பிடித்ததும் அதே ஆண்டு.

கடற்கரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோவளத்திலிருந்து மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் வரை உள்ள மீனவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். சீடத்துவத்தின் தொழிற்களத்தை நமக்குக் காட்ட அவர்களே தகுந்தவர்கள். கரைவலையை ஒருவர் இழுக்க முடியாது. இரண்டு பக்கமும் வரிசையாக நின்று இழுக்க வேண்டும், வந்த மீனைப் பங்கு பிரிக்க வேண்டும். லூக்கா சொல்கிற பெரும் மீன்பாட்டில் பேதுரு முதலில் செய்ததும், அடுத்த படகிலிருந்த கூட்டாளிகளுக்குக் கைகாட்டியதுதான். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு காலை ஆராதனை நேரம், ஆழிப்பேரலை வந்தது. பிறகு வந்த நிவாரணத்தை எல்லாக் குடும்பத்துக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும் என்று சோழமண்டலக் கரையின் மீனவப் பஞ்சாயத்துகள் பல பிடிவாதமாக நின்றன. அதே நேரத்தில் கரையோரப் பழங்குடி இருளர்களும் தலித் கூலித் தொழிலாளர்களும் பல இடங்களில் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். பங்கு பிரிக்கத் தெரிந்த கூட்டமும் தன் எல்லைக்கு வெளியே உள்ள வலியை உணராமல் போகலாம் என்பதை அங்கே கண்டோம்.

எனவே இரண்டு வேண்டுகோளை வைக்கிறேன். ராஜீவ் காந்தி சாலையில் புதிதாக எழும் சபைகள் தனித்து நிற்க வேண்டாம். மேற்கே கிராமத்தில் உள்ள ஒரு பழைய சபையோடு மாதம் ஒருமுறை ஒரே திருவிருந்தில் கலந்துகொள்ளுங்கள். நீங்கள் போய் உதவிசெய்கிற உறவாக அது இருக்கக் கூடாது. ஒரு மாதம் அவர்களுடைய கோவிலில், மறுமாதம் உங்களுடைய அரங்கில், அவர்களுடைய மூப்பர்களும் உங்களைக் கேள்வி கேட்கும்படியாக இருக்கட்டும். அறுப்பின் பண்டிகையில் ஏலத்துக்கு வருகிற பூசணியும் நெல்லும் யாருடைய நிலத்தில் விளைந்தவை, அந்த நிலம் ஒரு காலத்தில் யாருக்கு ஒதுக்கப்பட்டது என்பதும் அந்தப் பழக்கத்தில் தெரியவரும்.

அடுத்தது மாணவர்களுக்கு. நீங்கள் வாழும் கிராமத்தின் ‘அ’ பதிவேடு கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் இருக்கிறது. ஒடுக்கப்பட்டோருக்கென்று ஒதுக்கிய சர்வே எண்கள் எவை, இன்று அவை யார் பெயரில் பட்டாவாக இருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பாருங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தும் கேட்கலாம். கிடைத்ததை உங்கள் சபையின் ஆண்டுக் கூட்டத்தில் வாசியுங்கள். இந்த வேலைக்கு ஒருவர் தனியாகப் போக வேண்டாம், ஐந்தாறு பேராகப் போங்கள். அந்தக் கிராமத்து மக்களில் ஒருவரையாவது முன்னே நடக்கவிட்டுப் போங்கள்.